நொடிக்கு ஒன்று

சுஹார், பல்கலைக்கழகத் தரைத்தளம், கடைசி அறை.
ஓர் எஃகுத் தண்டு உப்புநீருக்குள் நின்று
வளைகிறது, நிமிர்கிறது.
நொடிக்கு ஒரு தடவை.
எத்தனையாவது வளைவில் விரிசல் விடும்?
கேள்வி கேட்டவர்
இப்போது ஐந்தாம் மாடியில் இருக்கிறார்.

டாக்டர் இத்ரீஸ் பாபிகர். சூடான்காரர்.
அத்பராவில் ரயில் அச்சுகளைச் சுத்தியலால் தட்டி
ஓசையில் பழுது கண்டுபிடித்தவரின் மகன்.
என்னை மஷாது என்பார்.
நான் மச்சாது, தூத்துக்குடி.
அரபு நாக்கில் என் நடுவெழுத்து நிற்காது.
பதினேழு வருடத்தில் நானும் திருத்துவதை விட்டேன்.

பேராசிரியராக இருந்தபோது
முதல் வகுப்புக்கு நான் வாங்கிவர வேண்டியது
ஒரு பெட்டி ஜெம் கிளிப்.
ஆளுக்கொன்று. ஒடியும்வரை வளையுங்கள், எண்ணுங்கள்.
ஒன்பது என்பான் ஒருவன், பதினான்கு என்பாள் ஒருத்தி.
பலூச்சிப் பையன் ஒருவன் முப்பத்தொன்று வரை போனான்.
கொஞ்சம் கொஞ்சமாக வளைத்திருக்கிறான்.
பாபிகர் அந்த இரண்டு துண்டையும் கேட்டு வாங்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு துறைத்தலைவர். பிறகு டீன்.
பிறகு, பழைய தலைவர் கனடாவுக்குப் போய்
அங்கிருந்தே ராஜினாமா அனுப்பிய வாரம்,
வேறு யாரும் வேண்டாமென்ற நாற்காலி.
கதவிலிருந்த பெயர்ப்பலகையை நானே கழற்றினேன்.
நான்கு திருகாணித் துளைகள்
இன்னும் அடைக்கவில்லை.

பட்டமளிப்பு நாளில் கறுப்பு அங்கி, பொன் ஜரிகை.
நானூற்றுப் பன்னிரண்டு கைகள் குலுக்கினார்;
எண்ணியது என் தொழில்புத்தி.
மறுநாள் மணிக்கட்டில் கட்டு.

சம்பளத்தில் பத்து சதவீதம் வெட்டிய சுற்றறிக்கையிலும்
அவர் கையெழுத்து.
பெயரின் முதலெழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி,
கழன்று விழுந்த நட்டு மாதிரி.

எண்ணும் கருவிக்கு எட்டு இலக்கம்தான்.
மூன்றேகால் வருடம் கழித்து ஒரு விடியற்காலை
ஒன்பதுகள் எல்லாம் ஒன்றாகப் புரண்டு பூஜ்ஜியமாயின.
பக்கத்தில் நான் மட்டும்.
சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன்: பத்துக் கோடி.
யாரிடம் சொல்ல?
மேலே மாணவர் கட்டணம், அங்கீகாரக் குழு,
அமைச்சகத்துக்கு விளக்கக் கடிதம்.

போன ஆகஸ்டில் வந்தது
கழித்துக்கட்டும் பொருட்களின் பட்டியல்.
வரிசை எண் முப்பத்தேழு: உலோகச் சோர்வுச் சோதனை இயந்திரம்,
பழையது, பயன்பாட்டில் இல்லை.
கீழே அந்த நட்டு.
‘ஓடிக்கொண்டிருக்கிறதே’ என்றேன்.
‘பேப்பரில் ஓடவில்லை’ என்றான் ஸ்டோர் கீப்பர் பத்ர்.
வியாழக்கிழமை லாரி.

புதன் இரவு குளிரூட்டும் நிலையம் படுத்துவிட்டது.
ஐந்து மாடியும் வெந்தது.
என்னவென்று பார்க்க அவரே இறங்கி வந்தவர்
சத்தம் கேட்டு இந்தக் கதவைத் திறந்தார்.
டை இல்லை. கழுத்தெல்லாம் வேர்வை.
‘இன்னுமா?’
சுவரிலிருந்த கோட்டைப் பார்த்தார்.
‘கடல்நீர்?’
‘வாரம் இரண்டு கேன். என் வண்டியில்.’
பட்டியலை நீட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
‘என் கையெழுத்துதான்’ என்றார்,
வேறொருவர் கடனை ஒப்புக்கொள்வதுபோல.
பிறகு தொட்டியோரம் காதைச் சாய்த்து
வெகுநேரம் நின்றார்.
அறுநூறு, எழுநூறு ஓடியிருக்கும்.

மறுநாள் லாரிக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது.
வரிசை எண் முப்பத்தேழு
தலைவர் அலுவலகத் தளவாடமாக மாற்றப்படுகிறது.
நாற்காலிகள், அலமாரி, பூச்சாடிகளுக்கு அடுத்து.
இருக்குமிடம்: தரைத்தளம்.
பத்ர் இரண்டு முறை வாசித்தான், சிரித்தான்,
பழைய பிரிண்டர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனான்.

வெட்டிய பத்து சதவீதம் இன்னும் திரும்பவில்லை.
அந்த ராத்திரியே கேட்டிருக்கலாம்.
வாயெடுத்தபோது அவர் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.
நான் என்னவோ நினைத்துக் காத்திருந்தேன்.
எடுத்தது பேனா.

இன்று வியாழன்.
கேன்கள் வண்டியில் இருக்கின்றன.
தண்டு இன்னும் ஒடியவில்லை.