நாலு படி கீழே

செவ்வாய்க்கிழமை மதியம்,
கோரியாமா ரயில் நிலையத்துக்குப் பின்னால்,
கரோக்கே கடையின் பதினான்காம் எண் அறை.
ஐஸ் இயந்திரத்தை ஒட்டியது, யாரும் விரும்புவதில்லை.
அதனாலேயே தொகாஷி கேட்டு வாங்குகிறார்.

லிஃப்ட்டுகளைச் சோதிப்பது வேலை.
கயிறு, கப்பி, பிரேக், கதவு மூடும் நேரம்.
எந்தக் கட்டடத்தில் எந்த மாடி தாண்டும்போது
பெட்டி லேசாக உதறும் என்று தெரியும்.
தன் குரல் எங்கே உதறும் என்பதும் தெரியும்:
பல்லவி முடிந்து
பாட்டு மேலே ஏறுகிற இடத்தில்.

ஆகவே, ஏறாத பாட்டாகத் தேடினார்.
ஆண்கள் பாடுவதெல்லாம் இப்போது
பெண்கள் உயரத்தில் ஆரம்பித்து
பறவைகள் உயரத்தில் முடிகின்றன.
கடைசியில் ஒன்று அகப்பட்டது.
பேருந்தில் குடையை விட்டுவிட்டு இறங்கிய ஒருத்தன்
தேடிப் போகலாமா வேண்டாமா என்று
மூன்றரை நிமிடம் யோசிக்கிற பாட்டு.
ஆறு ஸ்வரத்துக்குள் மொத்தக் குடித்தனமும்.
பாதி பேச்சு, பாதி முனகல்.
பாடியவருக்கே பெரிய குரல் இல்லை போல.

அதிலும் ஓர் இடம் எட்டவில்லை,
'மழை' என்கிற சொல்.
ரிமோட்டில் சுருதியை இறக்கும் பொத்தான்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நான்காவது அழுத்தலில்
மழை தரைக்கு வந்தது.

பதினொரு செவ்வாய்.
குசுமி ஊலாங் டீயோடு கதவைத் திறக்கும்போதெல்லாம்
சட்டென்று நிறுத்திவிடுவார்.
மைக்கைத் தொடையோடு அணைத்து
சுவரிலிருக்கும் விலைப்பட்டியலைப் படிப்பார்.
இசை மட்டும் ஆளில்லாமல் ஓடும்.
அவளும் தட்டைப் பார்த்தபடியே வந்து
தட்டைப் பார்த்தபடியே போவாள்.

டிசம்பர். கம்பெனி விருந்து
சாப்பாடு முடிந்து இங்கே வந்தது.
பெரிய அறை, பதினேழு பேர்.
நகுமோ, சேர்ந்து எட்டு மாதமான பையன்,
"எங்கப்பா காரில் போடுவார்" என்றபடி
ஒரு பாட்டைத் தட்டினான்.

பேருந்து.
குடை.

ஒரு கையை பாக்கெட்டில் விட்டபடி பாடினான்.
மழையைக் கூரைக்கு எறிந்து
திரும்ப வந்து விழுமுன் பிடித்தான்.
தொண்ணூற்று மூன்று என்றது இயந்திரம்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
தொகாஷியும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

வேறு பாட்டு அவரிடம் இல்லை.
ரிமோட் கைமாறி மடிக்கு வந்தது,
யாருடைய குழந்தையோ போல.
ஒருவர் பாடியதை அதே இரவில் இன்னொருவர் பாடுவதில்லை;
எங்கும் எழுதியில்லை, எல்லோருக்கும் தெரியும்.
தொண்டை சரியில்லை எனலாம்.
போன வருடம் சொன்னது.
அதற்கு முந்தின வருடமும்.

"அதே பாட்டா?"
யாரோ சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை.
கொஞ்சம் பொறுங்கள் என்று
பதினேழு பேர் பார்க்கப் பொத்தானை அழுத்தினார்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
அறையே ஒரு தளம் இறங்கி நின்றது.

பாடினார். நன்றாக என்று சொல்ல முடியாது.
முதல் வரியில் குரல் செருப்பைத் தேடியது.
இரண்டாவதில் ஒரு காலுக்குக் கிடைத்தது.
பேசுகிற இடங்களைப் பேசினார்,
பழுதான லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவரோடு
கதவுக்கு வெளியே நின்று பேசுவாரே, அப்படி:
அவசரமில்லாமல்,
இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல.

மழைக்கு இரண்டு வரி முன்னால்
கதவு திறந்தது. குசுமி,
உருளை வறுவல், ஏழு ஹைபால்.
அவர் கண் விலைப்பட்டியலைத் தேடியது.
இந்த அறையில் அது வேறு சுவரில் இருந்தது.

மழை, என்றார்.

அவள் மேசையில் இடம் பண்ண
டாம்பரினை நகர்த்தினாள்,
சத்தம் வராமலிருக்க அதன் சலங்கைகளை
ஐந்து விரலாலும் பிடித்துக்கொண்டு.
கதவருகே ஒரு கணம் நின்றாள்;
சாஸ் பாக்கெட்டை எண்ணினாளோ என்னவோ.

எழுபத்தொன்று புள்ளி நான்கு.
கீழே சிறு எழுத்தில்: மூச்சைச் சீராக விடவும்.
மேலாளர் இசோகாய் அதை உரக்க வாசித்தார்.

சுவர் ஃபோன் அடித்தது.
பக்கத்தில் இருந்தவர் தொகாஷிதான், எடுத்தார்.
பத்து நிமிடம் பாக்கி, நீட்டிக்கிறீர்களா?
திரும்பிப் பார்த்தார்.
யாரும் கவனிக்கவில்லை.
நகுமோ வறுவலைச் சாஸில் முக்கிக்கொண்டிருந்தான்.

"அரை மணி" என்றார்.