பேசிக்கொண்டே போங்கள்

மலையடிவாரச் சாவடியில்
காவலர் சுருகா எங்கள் மணியை வாங்கிக் குலுக்கினார்.
ஓசை இல்லை. நாக்கு எங்கோ கழன்று விழுந்திருந்தது.
"பரவாயில்லை, இரண்டு பேர்தானே,
பேசிக்கொண்டே போங்கள்.
திடுக்கிட்ட கரடிதான் அடிக்கும்."

நானும் கென்சாகுவும் பேசிப்
பதினொரு நாள்.
உப்புப் பெறாத ஒன்றில் தொடங்கி
உப்பைக்கூடக் கேட்டு வாங்காத இடத்துக்கு
வந்திருந்தோம்.

இடுப்பளவு மூங்கில்புல், பிறகு தலைக்கு மேல்.
காற்று முகத்தில் அடித்தது.
"நம் வாடை முன்னால் போகாது" என்றான்,
என்னிடமா, புல்லிடமா, தெரியாது.
பாதை நடுவே சாணம்.
காட்டுத் திராட்சை விதைகள். இன்னும் ஆவி.

ரயில்வேக்காரன், ஸ்டேஷன் பெயர்களைக் கூவ ஆரம்பித்தான்:
அசாஹிகாவா! கமிகாவா! ஷிராதாகி!
நான் முட்டை விலை சொன்னேன், முள்ளங்கி விலை சொன்னேன்.
விலைகள் தீர்ந்தன.
"ஜூனிலேயே வேலையை விட்டுவிட்டேன்!"
"தெரியும்!"
"ஏன் கேட்கவில்லை?"
"கேட்டால் பொய் சொல்லியிருப்பாய்!"
"மரு..." என்று தொடங்கி, "...செப்பு" என்று முடிப்பதற்குள்
புல் பிரிந்தது.

எழுந்து நின்றது.
யாரென்று பார்க்கத்தான் எழும், கோபத்தால் அல்ல என்று
சுருகா சொல்லியிருந்தார்.
படித்த எல்லாமே கால்களுக்கு மறந்துபோயிற்று,
ஓடாதே என்பதைத் தவிர.
ஸ்ப்ரேயின் பூட்டை என் கட்டைவிரல் தேடிக்கொண்டிருக்க
அவன் கை என் பையின் வாரைப் பிடித்துப்
பின்னோக்கி இழுத்தது, அடி அடியாக.
"நாங்கள்தான். போய்விடுகிறோம்."
தாழ்ந்த குரல். எனக்கே புதிது.
அது முன்கால்களை இறக்கி
எங்களை வேண்டாமென்று விட்டுப் போனது.

இரவு, கூடாரத்திலிருந்து நூறு தப்படி தள்ளிச் சமையல்.
இரும்புப் பெட்டிக்குள் அரிசி, ஊறுகாய்ப் பிளம்,
பற்பசை, என் உதட்டுப் பூச்சு.
குழம்பு சிந்திய என் சட்டையையும்
முகர்ந்து பார்த்து உள்ளே போட்டான்.

இருட்டில் எங்கோ சுள்ளி முறிந்தது.
"பேசு" என்றான்.
எதைப் பேச?
"மருசெப்புக்கு அடுத்தது என்ன?"
"எங்காரு." கொஞ்சம் நிறுத்தினான்.
"அங்கே வண்டி திசை மாறும்.
எல்லோரும் எழுந்து
இருக்கையைத் திருப்பிப் போட்டு
உட்காருவார்கள்."