அதிகாரியின் உத்தரவின்றி

லேடிஸ்மித், முர்ச்சிசன் தெரு.
டயர் கடைக்கும் சலூனுக்கும் நடுவே என் அச்சகம்.
கல்யாணப் பத்திரிகை, கருமாதி அட்டை,
காவடி நோட்டீஸ்,
இடையிடையே யுத்தம்.

ஜனவரி பிறந்தால் குன்றடியில் கூடாரம் போடுவார்கள்,
காக்கியும் ஒட்டுத்தாடியுமாக,
சனிக்கிழமை செத்து
ஞாயிற்றுக்கிழமை காரோட்டி வீடு திரும்புகிறவர்கள்.
அவர்களுக்கு பிஸ்கட் உறை வேண்டும், தேயிலைப் பொட்டலம் வேண்டும்,
எல்லாவற்றுக்கும் மேலே
இடுப்பில் தொங்க அந்தத் தகர டப்பா:
ஒரு பாதி இறைச்சி, மறு பாதி கோக்கோ,
வெளியே கறுப்பு எழுத்தில்
'அதிகாரியின் உத்தரவின்றித் திறக்கக் கூடாது.'

காகிதத்தை ரூயிபோஸில் நனைக்கிறேன்.
சாதாத் தேயிலை வெறும் அழுக்கு மஞ்சள்;
நூறு வருஷத்துச் சிவப்பு ரூயிபோஸில்தான் இருக்கிறது.
தகரத்துக்கு வினிகர், உப்பு, பின்முற்றத்தில் நாலு நாள் மழை.
துருவை அதட்ட முடியாது,
அது வரும்போது வரும்.

ஆங்கிலத்தில் 'ஆபீசர்' என்ற சொல்லுக்கு இரண்டு எஃப்.
இரண்டாவதன் நடுக்கையை மட்டும்
பாதியில் வெட்டிவிடுவேன்.
என் கையெழுத்து அவ்வளவுதான்.

உள்ளே முதலில் மணல் போட்டேன்.
குலுக்கினால் டர்பன் கடற்கரை கேட்கிறது என்று ஒருவர் புகார்.
பிறகு வீராசாமி கடை சுகர் பீன்ஸ்,
இடைவெளியில்லாமல் அழுத்தி, ஈயம் வைத்து மூடினால்
எடை கச்சிதம், மூச்சே கேட்காது.

ஒரு வருஷம் தூக்குப்படுக்கை சுமக்கிற வேஷத்துக்கு
தனபாலன் படையாச்சி வந்தான்.
'நம்மாளுங்களுக்கு என்ன டப்பா, அக்கா?'
தேடினேன்.
அரிசி என்று எழுதியிருந்தது, அவுன்ஸ் எழுதியிருந்தது,
எதில் கட்டிக் கொடுத்தார்கள் என்று இல்லை.
இல்லாத உறைக்கு எப்படி லேபிள் அடிப்பது?
ஒரு பிடி அரிசியைத் துண்டின் முனையில் முடிந்துகொண்டு
அவன் போருக்குப் போனான்.

இந்த மார்ச்சில் கிளிப் ஆறு ஊருக்குள் வந்தது.
தண்ணீர் வடிந்த வாரம்
ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஃபான் ஸைல்
ஷூ பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார், பிள்ளையை இறக்கிவைப்பதுபோல.
கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்ததாம்.
மூட்டு பிளந்து, வயிறு வெடித்து,
உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாய் முளை.

'ஜோகன்னஸ்பர்க் ஏலம். பதினாலாயிரம் ராண்ட். ஒரிஜினல்.'
குரலைத் தாழ்த்தினார்.
'நூற்றிருபது வருஷம் கழித்து முளைத்திருக்கிறது, பாருங்கள்.'
பிரிட்டோரியாவில் ஒரு பேராசிரியருக்கு எழுதிவிட்டாராம்.
'பீன்ஸ் என்றால் இந்தியர் ரேஷனாகத்தான் இருக்கவேண்டும்.
உங்களவர்களுக்கும் டப்பா கொடுத்திருக்கிறார்கள், மிஸஸ் மூட்லி!'

மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.
இரண்டாவது எஃப்.
அடியில் நான் குத்தியிருந்த 'நகல்' முத்திரையை
யாரோ அரம் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.
அந்தக் கொஞ்ச நேரத்துக்கு
தனபாலனின் துண்டு முடிச்சுக்கு
ஒரு டப்பா இருந்தது, லேபிளோடு.

பிறகு சொன்னேன்: 'இது நான் செய்தது.
போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின வாரம்.
பீன்ஸ் கிலோ நாற்பது ராண்ட்.'

சிரித்தார். துருவை விரலால் தடவினார்.
'இதை மனுஷர் செய்ய முடியாது' என்றார்.
வெட்டின கையைக் காட்டினேன்.
அந்தக் காலத்து அச்சு அப்படித்தான் என்றார்.

அவர் வந்தது வேறு காரியத்துக்கு.
இது அழுகிப்போகுமுன் இதைப்போல ஒன்று வேண்டும்,
அலமாரியில் வைக்க.

பில் புத்தகத்தைத் திறந்தேன்.
டப்பா ஒன்று. முன்பணம் இருநூறு.
'உள்ளே என்ன வைக்கட்டும்?'

ஷூ பெட்டியை மூடிக்கொண்டே யோசித்தார்.
'எதையாவது வையுங்கள், எடை சரியாயிருந்தால் போதும்.
யார் திறக்கப்போகிறார்கள்?'