இரண்டு முறை வந்த சிப்பி

போ ஆற்றுச் சமவெளியில் மலை எங்கே என்று கேட்டால்
தெற்கே கை காட்டுவார்கள்,
பனிமூட்டம் இல்லாத நாளாக இருந்தால்.
நான் கீழே காட்டுவேன்.
சோளக்கொல்லைக்குக் கீழே, பன்றிப் பண்ணைக்குக் கீழே,
மணிக்கூண்டின் அடிக்கல்லுக்கும் கீழே
மடிந்து மடிந்து கிடக்கிறது மலையின் மிச்சம்.
ஆறு மண் கொண்டுவந்து மூடிவிட்டது.

பார்த்தவர் யாருமில்லை.
துளைத்தவர்கள் உண்டு.

1957. எரிவாயு தேடி வந்த கம்பெனி
சான் வெனேரியோவின் சணல் வயலில்
மூன்றாம் எண் கிணற்றை இறக்கியது.
பதினொரு மாதம். இரண்டாயிரத்து எழுநூறு மீட்டர்.
கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள்;
இங்கே பூதம்கூட இல்லை, உப்புத் தண்ணீர்.
வாயில் சிமென்ட் அடைத்துவிட்டுப் போனார்கள்.

மிஞ்சியது காகிதம்.
போலோன்யா அலுவலகத்து நிலவறையில்
நாற்பத்தேழாவது அட்டைப்பெட்டி.
ஒரு மூலையை எலி பதம் பார்த்திருந்தது.

இரவு முறைக்காரன் பெயர் லியார்கோ பஸ்ஸோலி.
பென்சிலைக் கூராகச் சீவுகிறவன்.
ஐந்து மீட்டருக்கு ஒருமுறை
சேற்றோடு மேலே வந்த துகளைக் கழுவி
லென்ஸில் பார்த்து ஒரு வரி எழுதுவான்:
சாம்பல் களிமண். சாம்பல் களிமண். மணல், ஈரம்.
சாம்பல் களிமண். ரொட்டி தீர்ந்துவிட்டது.
சாம்பல் களிமண்.

1,630இல் வெளிர்நீலச் சுண்ணக்களி.
அதற்குள் கடுகைவிடச் சிறிய சிப்பி,
வலமாகச் சுருண்டது.
'அழகு' என்று எழுதி, அழிக்காமல் விட்டிருக்கிறான்.

கிணற்றில் இறங்குவது காலத்தில் பின்னே போவது.
கீழே இருப்பது மூத்தது; அதுதான் முறை.
2,145இல் மறுபடி அதே நீலம்.
அதே சிப்பி. அதே வலச்சுருள்.

அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறது.
ஓரத்தில் வேறு கையெழுத்து, மையில்:
மாதிரிகள் கலந்துவிட்டன. பஸ்ஸோலி தூங்கியிருக்கிறான்.
அரைநாள் கூலி பிடிக்கவும்.
கீழே பென்சிலில், மிகச் சிறியதாக:
தூங்கவில்லை.

அந்த ஒரு சொல்லோடு ஒரு வாரம் இருந்தேன்.

பெட்டியின் அடியில் மின்தடை வரைபடம்,
எட்டு மீட்டர் நீளத்துக்குச் சுருட்டிய தாள்.
தரையில் விரித்து முழங்காலில் நகர்ந்து படித்தேன்.
1,630இல் ஊசி மூன்று பல் வரைந்திருந்தது,
நடுப்பல் உடைந்தாற்போல.
2,145இல் அதே மூன்று பல். நடுவில் அதே உடைவு.
ஊசிக்கு உறக்கம் வராது.

பிழை என்று அவர்கள் எழுதியது பிளவு.
ஒரே நாளில் அல்ல,
நடுக்கத்துக்கு ஒரு முழம், அரை முழமாக
மூத்த பாறை இளையதன் தோள்மேல் ஏறியிருக்கிறது.
ஓர் அடுக்கையே இரண்டு முறை துளைத்திருக்கிறார்கள்.

ஆவணத்தில் கை வைக்கக் கூடாது.
தனிச்சீட்டில் எழுதிச் செருகினேன்: 2,145, பதிவு சரி.
அரைநாள் கூலியை யாரிடம் கொடுப்பது?

அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஆறு எடுத்தேன்.
நான்கில் சிப்பி திரும்பி வந்தது,
வடக்கே போகப் போக ஆழம் குறைந்து.
புள்ளிகளைச் சேர்த்தால் சாய்ந்த பலகை ஒன்று,
பதினெட்டு கிலோமீட்டர் நீளம்.
எவ்வளவு பெரிய நடுக்கம் என்று
நீளத்தை வைத்து ஓரளவு சொல்லலாம்.
எப்போது என்று சொல்ல முடியாது.
ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் கேட்டது எப்போது என்றுதான்.

நான் பலகைக்கு மேலே இருப்பதை வாசித்தேன்:
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
தூண்மேல் உத்தரத்தைச் சும்மா உட்காரவைத்த தொழிற்கூடங்கள்.
பாலாடைக்கட்டிக் கிடங்கு, கூரைவரை அலமாரி,
ஒவ்வொரு சக்கரமும் நாற்பது கிலோ.

ஐந்நூறு வருஷமாக மணிக்கூண்டு நிற்கிறதே என்றார் ஒருவர்.
கொஞ்சம் சிரிப்பு. நாற்காலிகள் நகர்ந்தன.
கிடங்குக்காரி இரிதே காவித்ஸோலி மட்டும் எழவில்லை.
ஓர் உத்தரத்தைத் தூணோடு கட்ட
எத்தனை போல்ட் வேண்டும் என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
காத்திருக்கிறேன் என்று
கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள்.