பதினோராம் கட்டம்

பகாவ் மருத்துவமனையில்
பிரசவ அறைக்கு ஒரு துணை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
அதற்கு மேல் விதியில் இடமில்லை.
கணவன் சிங்கப்பூரில் இரவு ஷிப்டு,
விடிந்துதான் வருவான்.
லோஷினியோடு வந்தவள் கோகிலவாணி.
"டூலா" என்றாள்.
நான் நாற்காலியைக் காட்டினேன்.
உட்காரவில்லை.

போன வருடம் ஒருத்தி வந்திருந்தாள்
இதே வேலையைச் சொல்லிக்கொண்டு.
ஒவ்வோர் ஊசிக்கும் எங்களோடு வழக்காடினாள்.
அந்தக் கோபத்தைத் துவைக்காமலே
இவளுக்கும் போர்த்திவிட்டேன்,
ஒப்புக்கொள்கிறேன்.

இவள் செய்ததெல்லாம்
வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்தது,
வலி வரும்போது பேசாமல் இருந்தது,
வலி போனதும் மைலோ ஒரு மடக்கு கொடுத்தது,
அதுவும்
கொடுக்கலாமா மிஸி என்று என்னைக் கேட்டுவிட்டு.

மணி இரண்டு. ஆலையிலிருந்து
புளித்த எண்ணெய் வாடை ஜன்னல் வழியாக.
ஆறு சென்டிமீட்டரில் படுத்துவிட்டது தாளின் கோடு.
டாக்டர் தியோ, முந்தாநாள் உறங்கிய கண்களோடு,
வலி பத்துக்கு எத்தனை என்று மலாயில் கேட்டார்.
"எண்ணெல்லாம் தெரியாது.
பின்னால யாரோ துரட்டி போட்டு
செம்பனக் குலைய அறுக்கிற மாதிரி இருக்கு."
எனக்கும் தமிழ் தெரியும்.
ஆனால் நான் எழுதியிருப்பேன்: எட்டு.

கோகிலவாணி சொன்னாள்:
"வலி முன்னால வரவே இல்ல டாக்டர்.
நாலு மணி நேரமா முதுகுலயேதான்.
எனக்கு உள்ள பாக்கத் தெரியாது.
நீங்க பாருங்க."

அந்தக் கடைசி இரண்டு வரிதான்
ஸ்கேன் கருவியை அவர் பக்கம் இழுத்திருக்க வேண்டும்.
பிள்ளை வானம் பார்த்துக் கிடந்தது.
"மருந்து ஏற்றுமுன் அரை மணி" என்றார்.
"துடிப்பு மட்டும் என் காதை விட்டுப் போகக் கூடாது."

பிறகு நடந்தது எந்த வகுப்பிலும் இல்லை.
லோஷினி முட்டி போட்டுக் குனிய,
பாத்தேக் சாரோங்கை வயிற்றுக்கடியில் தூளியாக்கி
அவள் மெல்ல மெல்ல அசைக்க,
நான் பக்கத்தில் குந்தித்
துடிப்புக் கருவியைக் கையால் பிடித்திருந்தேன்,
வயிறு போகும் பக்கமெல்லாம் போய்.
என் முட்டி அவள் பாதத்தில் இடித்தது.
இருவருமே மன்னிப்புக் கேட்கவில்லை.

நூற்று நாற்பது.
நூற்று முப்பத்தெட்டு.
வெளியே குலை லாரி ஒன்று கியர் மாற்றியது.
நூற்று நாற்பத்திரண்டு.

பிள்ளை திரும்பியது.
சாரோங்கா, தானாகவா,
சத்தியம் செய்ய நான் தயாரில்லை.

நாலு இருபதுக்கு, வாசல் முழுதும் திறந்தபின்,
தொண்ணூறு.
ஏறவில்லை.
டாக்டர் வாய் திறக்குமுன்
அவள் வழிவிட்டுத் தலைமாட்டுக்குப் போயிருந்தாள்.
"இப்ப டாக்டர் இழுக்கணும், நீ முக்கணும்,
ரெண்டும் ஒரே நேரம். என் மூஞ்சியப் பாரு."
வேக்கும் கிண்ணம். ஒரு முக்கல். இன்னொன்று.
பெண். மூன்று கிலோ நூறு.
உச்சியில் கிண்ணத்தின் வீக்கம்.
அழுகை தாமதமாக வந்தது, கோபமாக.

படிவத்தில் பதினோராம் கட்டம்:
உடனிருந்தவர், உறவுமுறை.
கணவர். தாய். மற்றவை.
மற்றவைக்குப் பக்கத்தில்
"ராக்கான் செகெர்ஜா" என்று எழுதினேன்,
உடன் வேலை செய்பவர்.
நோயாளிக்கு என்ன உறவு என்பதுதான் கேள்வி.
எனக்கு என்ன உறவென்று எழுதியிருக்கிறேன்.

ஒன்பது மணிக்குப் பதிவறையிலிருந்து திரும்பி வந்தது
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு.
இன்னும் திருத்தவில்லை.