ஆசிரியர் எண்ணிக்கை

தரவரிசைப் படிவம் நிரப்ப
எக்ஸெல் தெரிந்த என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

நிரந்தர ஆசிரியர்கள்: பதினொன்று.
ஓய்வுபெற்றுப் போன ஒன்பது நாற்காலிக்குக்
கட்டம் இல்லை.

ஒரு மாணவருக்கு ஆய்வகச் செலவு?
மானியம் மார்ச் முப்பது சாயங்காலம் வந்தது,
முப்பத்தொன்று திரும்பிப் போய்விட்டது.
இடையில் இருதயராஜ் சார்
பியூரெட் தேடி
திருத்துறைப்பூண்டி முழுக்க சைக்கிள் மிதித்தார்.

கல்லணை திறந்து இருபது நாள்.
ஜன்னலுக்கு வெளியே கடைமடை வாய்க்காலில்
ஆடு மேய்கிறது.
மகசூல் கணக்கை மட்டும்
தலைமடையோடு சேர்த்து
ஒரே தேதியில் கேட்பார்கள்.

கௌரவ விரிவுரையாளரைச் சேர்க்கலாமா?
அடிக்குறிப்பைப் படித்தேன்:
பன்னிரண்டு மாதமும் சம்பளம் வாங்கியிருக்க வேண்டுமாம்.
எனக்கு மே மாதம் கிடையாது.

தாவரவியல் என்ற வரிசையில்
என் பெயரை அழித்துவிட்டு
பூஜ்யம் அடித்தேன்.
இரவு பதினொன்றே கால்,
சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

காலையில் முதல் பீரியட்
தாவரவியல்.