கூடவோ குறையவோ

நடத்துநர் "குள்ளஞ்சாவடி எறங்கு" என்றபோது
என் மடியில் உயரமானி இருந்தது.
ஊர்ப்பெயரைச் சொல்லித்
துறையில் எல்லோரும் சிரித்து முடித்திருந்தார்கள்.

தை மாதம். பள்ளியில் நூற்றுப் பதினேழு பிள்ளைகள்.
செருப்பைக் கழற்று, குதிகால் சுவரில் ஒட்டட்டும்,
முகவாயைத் தூக்காதே.
பிறகு இடக்கை:
முழங்கை முனையிலிருந்து மணிக்கட்டுக் குமிழ் வரை
ஒரே ஓர் எலும்பு.
நாடாவின் சில்லிப்பில் நெளிந்த கவிநேசன்
"சட்டை தைக்கவா மிஸ்?" என்றான்.
இல்லை, கையை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்க.
"அதான் நிக்கிறேனே, நேரா அளந்துக்கோங்க."

எண்சாண் உடம்பு என்று யாரோ சொல்லிவைக்க
வரிசை கலைந்தது. ஒருவர் முதுகில் ஒருவர்
சாண் போட ஆரம்பித்தார்கள்.
யாருக்கும் எட்டு வரவில்லை.
கவிநேசனுக்கு ஒன்பதே முக்கால்;
கட்டைவிரலை ஏமாற்றி மடக்கியதை நான் பார்த்தேன்.

அவன் கேள்விக்கு அன்று பதில் சொல்லவில்லை.
பதில், முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம்
தகரக்கூரை வீட்டில் ஒருக்களித்துப் படுத்தபடி
ரிமோட்டில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தது.

லத்திகா. ஒன்பது வயது.
பதிவேட்டில் பெயர் உண்டு, வருகை இல்லை.
மடங்கிய முட்டி மடங்கினபடி. முதுகு ஒரு பக்கம் சாய்ந்து.
உச்சி முதல் பாதம் வரை நாடாவை இழுத்தால்
வளைவின் நீளம் கிடைக்கும்,
அவள் கிடைக்கமாட்டாள்.
மாத்திரையின் அளவு, எடை போதுமா,
நாற்காலிக்கு எத்தனை அங்குலம்,
எல்லாவற்றுக்கும் உயரம் வேண்டும்.
ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அந்தக் கட்டத்தில் மட்டும்
வருடா வருடம் ஒரு சின்னக் கோடு.

பங்குனியில் மறுபடி போனேன்.
தோப்பெல்லாம் முந்திரிப்பழம் அழுகும் இனிப்பு.
நிற்க முடிந்த நூற்றுப் பதினேழு பேர்
நிற்க முடியாத ஒருத்திக்குச்
சேர்ந்து கட்டிய சமன்பாடு என் நோட்டில்.

அம்சவல்லி மகளின் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.
கொட்டை உடைத்து உடைத்து
எண்ணெய் தின்ற, கறுத்த விரல்கள்.
பதினேழு புள்ளி ஏழு.
மறுமுறை ஒன்பது. மூன்றாவது எட்டு.
பெருக்கினேன், வயதைச் சேர்த்தேன்.

"நூத்தி இருபத்திரண்டு புள்ளி ஏழு.
கூடவோ குறையவோ நாலு."

"அப்படின்னா எதுமட்டும் வருவா?"

அதற்கு நோட்டில் பத்தி இல்லை.
தரையிலிருந்து நாடாவை ஏற்றி
கதவு நிலையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன்.
அம்சவல்லி எழுந்துபோய்
கோட்டை ஒட்டி, செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு,
குதிகால் பதிய நின்றாள்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
இடத்தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோள்ல போட்டுட்டே திரிஞ்சேனா,
தோளுக்கு வந்தது தெரியல."

நான் நாடாவைச் சுருட்டினேன்.
சுருட்டியதை மறுபடி சுருட்டினேன்.

பாயிலிருந்து குரல்,
ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து:
"அந்த... நாலு... கூடவா... குறையவா?"
தெரியாது என்றேன். யாருக்கும் தெரியாது.
"அப்ப... கூட."

நோட்டில் 122.7 என்றுதான் எழுதினேன்.
ஆனால் நிலையில், முதல் கோட்டுக்கு நாலு விரல்... இல்லை,
நாலு சென்டிமீட்டர் மேலே, சரியாக அளந்தே
இன்னொன்று போட்டேன்.

பார்த்தாள்.
டிவி சத்தத்தைக் கூட்டினாள்.